சோதனைப் பதிப்பில் ஓடிய கோயில் லேப்டாப்பு



போன வாரம் திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் நம்ம ஆலய ஆபீஸ்ல கையால எழுதின ரசீதுதான் கொடுத்தோம். "கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் மற்ற ஆலயங்கள்ல தொண்டு செய்யற நண்பர்களும் புலனத்துல கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போடறதை விட இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனா உங்க கோயில் லேப்டாப்புக்கும் இது பொருந்தலாம். நிர்வாகத்துல இருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

அந்த லேப்டாப்பு ஒரு குடும்பம் உபயமா கொடுத்தது. ஒரு கடையில செகண்ட் ஹேண்டா வாங்கி, நல்ல மனசோட சாமி பாதத்துல வெச்சு எடுத்துக் கொடுத்தாங்க. மெஷின்ல ஒரு குறையும் இல்லை. ஆனா திரையோட வலது கீழ் மூலையில சின்னதா ஒரு வரி இருந்தது. விண்டோஸ் எண்டர்பிரைஸ் எவாலுவேஷன், இத்தனை நாள் செல்லும்னு. கவுண்டர்ல உட்கார்ற பிள்ளைங்க அதை லேப்டாப்போட மாடல் பேருன்னு நெனச்சுக்கிட்டாங்க. நாள் எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வந்து பூஜ்யம் ஆனதும், திரை கறுப்பாச்சு. அப்புறம் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தடவை அதுவாவே நின்னு போக ஆரம்பிச்சது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அர்ச்சனை சீட்டுக்கு வாசல் வரைக்கும் வரிசை நிக்கும்போது இது எப்படி இருக்கும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க.

இது வைரஸ் இல்லை, ரிப்பேரும் இல்லை. எவாலுவேஷன்னா சோதனைப் பதிப்பு. பெரிய நிறுவனங்கள்ல இருக்கிற கம்ப்யூட்டர் பிரிவுக்காரங்க, வாங்கறதுக்கு முன்னாடி போட்டுப் பார்க்கறதுக்காக மைக்ரோசாஃப்ட் இதை இலவசமா கொடுக்குது. எண்டர்பிரைஸ் சோதனைப் பதிப்புக்கு 90 நாள் கெடு. கெடு முடிஞ்சா பின்னணி கறுப்பாகும், இது முறையான பிரதி இல்லைன்னு அறிவிப்பு வந்துக்கிட்டே இருக்கும், மணிக்கு ஒரு தடவை நிக்கும். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்காங்க. அதுல ஒளிவு மறைவு கிடையாது. இந்தப் பதிப்பைப் போட்டு, "விண்டோஸ் எல்லாம் ஏத்தியாச்சு"ன்னு வித்த கடைதான் சொல்லியிருக்கணும். அந்தக் கடை எதுன்னு இங்கே எழுதப் போறதில்லை. அந்தக் குடும்பத்து மனசு நோகக் கூடாது.

இது புதுசும் இல்லை. விண்டோஸ் 7 வந்த நேரத்துல இதே கதைதான் நடந்தது. 2009ல, விற்பனைக்கு முந்தின பிரதியை மைக்ரோசாஃப்ட் இலவசமா கொடுத்தது. அந்த வருஷம் அக்டோபர் 22ஆம் தேதி உண்மையான பதிப்பு கடைக்கு வந்துடுச்சு. ஆனா இலவசப் பிரதியை நிறைய பேர் விடலை. 2010 மார்ச் 1ஆம் தேதியில இருந்து அந்தக் கம்ப்யூட்டர்கள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நின்னு நின்னு வந்தது. ஜூன் 1ஆம் தேதியோட கெடுவே முடிஞ்சது. பணம் கொடுத்து வாங்கினவங்களும் முறைப்படி பழசை அழிச்சுட்டு புதுசாத்தான் போட வேண்டியிருந்தது.

முதல்ல உங்க மெஷினைப் பார்த்துக்குங்க. விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்குங்க. வர்ற சின்னப் பெட்டியில டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர்னு ஆறு எழுத்தை அடிச்சு எண்டர் தட்டுங்க. எந்தப் பதிப்புன்னு காட்டும். சோதனைப் பதிப்பா இருந்தா எந்தத் தேதியில முடியும்னும் காட்டும். "விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்"னு மட்டும் மூலையில இருந்தா அது வேற விஷயம். அதுல சாவி போடலைன்னு அர்த்தம். வால்பேப்பர் மாத்த முடியாது, ஆனா மணிக்கு ஒரு தடவை நிக்காது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேணாம். மருந்து ரெண்டுக்கும் வேற வேற.

நிர்வாகக் கூட்டத்துல இதைச் சொன்னதும் மூணு விதமா பேச்சு வந்தது.

இளைஞர் பகுதி தம்பி ஒருத்தர், "அண்ணே, இதுக்கெல்லாம் எதுக்குக் காசு? கிராக் ஒண்ணு இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை"ன்னார். இன்னொருத்தர், "ஆன்லைன்ல பத்து இருபது வெள்ளிக்கு சாவி விக்கிறாங்களே"ன்னார். பொருளாளர் அங்கிள் பக்கம் வேற நியாயம். "பக்தர்கள் போடற காசு. ஒரு சாப்பாட்டுக்கு அரிசி வாங்கினா நூறு பேர் சாப்பிடுவாங்க. கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு சில நூறு வெள்ளி எப்படிக் கணக்கு எழுதறது?" அவர் கேட்டதைத் தப்புன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு வெள்ளிக்கும் பொதுக்கூட்டத்துல பதில் சொல்றவர் அவர்தான்.

எங்க நிர்வாகத்துல ஒரு பெரியவர் இருக்கார். அந்தக் காலத்துல தோட்டத்துல கிராணியா இருந்தவர், செக்ரோல் எழுதிப் பழகின கை. கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, அந்தக் கிராக்கை யார் செஞ்சது?" தெரியாதுன்னு தம்பி சொன்னார். "அது உள்ளே போய் என்ன செய்யுதுன்னு நமக்குத் தெரியுமா?" தெரியாது. "நாம உண்டியல் திறக்கும்போது எத்தனை பேர் சுத்தி நிக்கிறோம்? சாவி ஒருத்தர்கிட்ட, பூட்டு ஒருத்தர்கிட்ட, எண்றது நாலு பேர். முகம் தெரியாத ஒருத்தன் வந்து, சாவியைக் கொடுங்க, நான் எண்ணித் தர்றேன்னா கொடுப்போமா?"

அதுக்கு மேல யாரும் கிராக்கைப் பத்திப் பேசலை. நடக்கிறதும் அதேதான். அந்த மாதிரி கிராக்கை ஓட்டறதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வான், முழு அனுமதி கொடுக்கச் சொல்வான். அனுமதி கொடுத்துட்டா அந்த மெஷின்ல எல்லாக் கதவும் அவனுக்குத் திறந்தாச்சு. நம்ம லேப்டாப்புல உபயகாரர்களோட பேரு, போன் நம்பர், வீட்டு முகவரி இருக்கு. கோயில் பேங்க் கணக்கையும் அதுலதான் திறந்து பார்க்கிறோம். இது போக, நம்ம நாட்டுல 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கு. கம்ப்யூட்டர் மென்பொருளும் அதுக்குள்ள அடக்கம். கோயில்னு சொன்னா சட்டம் விலகி நிக்காது.

பத்து வெள்ளி சாவியும் இதே மாதிரிதான். அந்த விலைக்கு வர்றது பெரும்பாலும் வேற எங்கேயோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமா கொடுத்த சாவியா இருக்கும், இல்லைன்னா தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டரோட சாவியா இருக்கும். இன்னைக்கு வேலை செய்யும். ஒரு நாள் அதை முடக்கினாங்கன்னா நாம யாரைப் போய்க் கேட்கிறது? ரசீது கிடையாது. கணக்குல காட்டவும் முடியாது. அர்ச்சனைக்கு வாங்கற காசுக்கே ரசீது கொடுக்கிற இடம் இது.

"லினக்ஸ் போடலாமே"ன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. நல்ல கேள்வி. இலவசம், முறையானது, கெடுவும் கிடையாது. எழுதறதும் இணையம் பார்க்கிறதும் மட்டும்தான் வேலைன்னா அதையே போடுங்கன்னு சொல்வேன். ஆனா நாங்க பாவிக்கிற கணக்கு மென்பொருள் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். அதை மாத்தறது வேற பெரிய வேலை. எழுதற மென்பொருள், கணக்கு அட்டவணை மென்பொருள் ரெண்டுக்கும் மட்டும் லிப்ரே ஆபீஸ் போட்டுக்கிட்டோம். அது இலவசம். அந்தப் பக்கம் பணம் மிச்சம்.

இப்போ முக்கியமான விஷயம். கடையில சாவி வாங்கி சோதனைப் பதிப்புல அடிச்சா சரியாயிடும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. ஆகாது. எண்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பு வேற ஜாதி. கடையில கிடைக்கிற ஹோம், புரோ சாவியை அது ஏத்துக்காது. பழசை முழுசா அழிச்சுட்டு, புதுசா ஏத்தித்தான் சாவி போடணும். அழிச்சா உள்ளே இருக்கிறது எல்லாம் போயிடும். அதனால சாவி வாங்கறதுக்கு முன்னாடி, உள்ளே என்னென்ன இருக்குன்னு உட்கார்ந்து பட்டியல் போட்டோம். ரெண்டு நாள்ல ஒண்ணரை நாள் அதுக்கே போச்சு.

உபயப் பட்டியல், மாதக் கணக்கு, திருமணப் பதிவு, தைப்பூசப் பால்குடப் பதிவு, பொதுக்கூட்ட அறிக்கை எல்லாம் இருந்தது. நம்ம ஆலயம் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்துல பதிவானது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிஞ்ச 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போகணும். அந்தக் கணக்கு தொலைஞ்சா அது கம்ப்யூட்டர் பிரச்சினையோட நிக்காது.

இதெல்லாம் தவிர இன்னொரு ஃபோல்டர் இருந்தது. 1990களில் நடந்த திருப்பணியோட நன்கொடைப் பட்டியல். பழைய டெஸ்க்டாப்புல இருந்து யாரோ அக்கறையா கொண்டு வந்து வெச்சிருக்காங்க. எல்லாம் ஒருங்குறி வர்றதுக்கு முந்தின பழைய எழுத்துருவுல அடிச்சது. விண்டோஸ் 2000 வந்தப்பதான் விண்டோஸுக்குள்ளேயே தமிழ் ஒருங்குறி வந்தது. அதுக்கு முன்னாடி ஆளுக்கொரு எழுத்துரு. நம்ம நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கின முரசு அஞ்சல் மாதிரி மென்பொருள்களைப் போட்டுத்தான் தமிழ் அடிச்சாங்க. அந்த எழுத்துரு மெஷின்ல இல்லைன்னா கோப்பு திறக்கும், ஆனா புள்ளியும் கோடுமா புரியாத எழுத்துத்தான் தெரியும்.

அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். தோட்டம் தோட்டமா பிரிச்சு எழுதியிருந்தாங்க. 5 வெள்ளி, 10 வெள்ளி, சிலர் 2 வெள்ளி. அந்தத் தோட்டங்கள்ல பாதி இன்னைக்கு தாமான் ஆயிடுச்சு, ரோடு ஆயிடுச்சு. அந்தக் குடும்பங்கள் காப்பார், பந்திங், ஷா ஆலம்னு சிதறிப் போச்சு. கல்வெட்டுல பெரிய தொகை கொடுத்தவங்க பேரு இருக்கு. 2 வெள்ளி கொடுத்தவங்க பேரு இந்தக் கோப்புல மட்டும்தான் இருக்கு. "சும்மா ஃபார்மட் பண்ணிக் கொடுங்க"ன்னு ஏதாவது ஒரு கடையில கொடுத்திருந்தா, அரை மணி நேரத்துல அத்தனை பேரும் போயிருப்பாங்க.

அதனால எழுத்துருக்கள் இருக்கிற ஃபோல்டரையே முழுசா தனியா எடுத்து வெச்சோம். எல்லாத்தையும் ரெண்டு வெளி டிஸ்க்குல நகல் எடுத்தோம். நகல் எடுத்ததோட விடலை. வேற ஒரு லேப்டாப்புல அந்த டிஸ்க்கைச் செருகி, ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ரெண்டு மூணு கோப்பைத் திறந்து படிச்சுப் பார்த்தோம். திறந்து பார்க்காத நகல் நகலே இல்லை. ரசீது பிரிண்டரோட டிரைவர், கணக்கு மென்பொருளோட உரிம எண், வைஃபை டிரைவர் இதையும் முன்கூட்டியே எடுத்து வெச்சுக்குங்க. புதுசா ஏத்தின பிறகு வைஃபை வரலைன்னா டிரைவரை இறக்கவும் வழி இருக்காது.

அடுத்து, வாங்கணுமா வேணாமான்னு பார்க்கணும். இதைச் சொன்னா பலருக்குக் காசு மிச்சமாகும். விண்டோஸ் 8 காலத்துல இருந்து, விண்டோஸோட விற்பனையான லேப்டாப்புகள்ல சாவியை மதர்போர்டுக்குள்ளேயே எழுதி வெச்சிருப்பாங்க. மேலே யாரோ சோதனைப் பதிப்பைப் போட்டிருந்தாலும் அந்தச் சாவி அழியாது. முதல்ல எந்தப் பதிப்போட வித்தாங்களோ அதையே திரும்ப ஏத்தினா, சாவி கேட்காமலேயே ஆக்டிவேட் ஆயிடும். அப்படி ஆச்சுன்னா ஒரு காசும் செலவில்லை. எங்களோடது விண்டோஸ் இல்லாம விற்பனையான மாடல். அதனால வாங்க வேண்டியதாச்சு.

வாங்கறதுலயும் ரெண்டு வகை இருக்கு. ஓஇஎம் சாவி விலை குறைவு, ஆனா அந்த ஒரு மெஷினோடவே கட்டிப் போட்டது. மதர்போர்டு போச்சுன்னா சாவியும் போச்சு. ரீட்டெய்ல் சாவி விலை கூட, ஆனா இந்த லேப்டாப்பு செத்தா அடுத்ததுக்கு மாத்திக்கலாம். ஒரு நேரத்துல ஒரு மெஷின்ல மட்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கோயிலுக்கு லேப்டாப்பு உபயமா வரும் போகும். சாவி நிக்கணும். அதனால ரீட்டெய்ல் வாங்கினோம், கோலாலம்பூர்ல ஒரு கடையில, பெட்டியோட, ஆலயத்தோட பேர்ல ரசீது போட்டு. பொருளாளர் அங்கிளுக்கு அந்த ரசீதைப் பார்த்ததும்தான் முகம் தெளிஞ்சது. ரசீது இருந்தா அவருக்குப் போதும்.

வாங்கினது விண்டோஸ் 11. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிஞ்சது. புதுசா காசு போட்டு அதை வாங்கறதுல அர்த்தம் இல்லை. ஆனா 11 போடறதுக்கு மெஷின் தகுதியா இருக்கணும். டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப்பு வேணும், குறைஞ்சது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் வேணும். இண்டெல்னா பொதுவா 8ஆம் தலைமுறை, அதுக்கு மேல. முதல்ல இதைப் பார்த்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. ஏத்தற வேலை பெரிசில்லை. ஒரு மத்தியானத்துல முடிஞ்சது. தமிழ் அடிக்கவும் தனியா எதுவும் போடத் தேவையில்லை. தமிழ்99, அஞ்சல் ரெண்டு விசைப்பலகையும் விண்டோஸ் 11 உள்ளேயே இருக்கு.

நான் இவ்வளவு நீளமா எழுதினதே இனி சொல்லப் போறதுக்காகத்தான்.

ஏத்தி முடிக்கும்போது விண்டோஸ் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். யாரோட ஈமெயில்? அங்கே உட்கார்ந்திருக்கிறது தொண்டர் ஒருத்தர்தான். அவர் தன்னோட ஈமெயிலைப் போட்டுட்டா வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். பல இடத்துல அப்படித்தான் நடக்குது. ஆனா அந்த நிமிஷத்துல இருந்து, கோயில் காசுல வாங்கின உரிமம் அந்த ஆளோட கணக்குல சேர்ந்துடுது.

அது மட்டும் இல்லை. விண்டோஸ் 11ஓட 24எச்2 பதிப்புல இருந்து, புதுசா ஏத்தி மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சா, பெரும்பாலான லேப்டாப்புகள்ல டிஸ்க்கு தானாவே பூட்டிக்கும். திருடன் எடுத்துட்டுப் போனாலும் படிக்க முடியாது, நல்லதுதான். அந்தப் பூட்டைத் திறக்கிற 48 இலக்க மீட்புச் சாவி, நுழைஞ்சவரோட மைக்ரோசாஃப்ட் கணக்குல போய் உட்காரும். மதர்போர்டு மாத்தினாலோ, சில சமயம் பயாஸ் அப்டேட் போட்டாலோ விண்டோஸ் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். அன்னைக்கு அந்தத் தொண்டர் ஜொகூர்ல வேலை கிடைச்சுப் போயிருக்கலாம், நிர்வாகத்தோட மனஸ்தாபமா இருக்கலாம், உயிரோடவே இல்லாமலும் போகலாம். டிஸ்க்குல இருக்கிற கணக்கும் உபயமும் அந்த 2 வெள்ளிப் பட்டியலும் கோயிலுக்கே திறக்காது.

நாங்க ஆலயத்தோட பேர்ல தனி ஈமெயில் திறந்தோம். மறந்து போனா மீட்கறதுக்கு ஆலய ஆபீஸ் போன் நம்பரையும் செயலாளர் அக்கா நம்பரையும் கொடுத்தோம். அந்த ஈமெயில்லதான் விண்டோஸ் கணக்கு. சாவிப் பெட்டி, ரசீது, 48 இலக்கத்தை அச்சடிச்ச தாள், பாஸ்வேர்டு எழுதின உறை எல்லாத்தையும் மூடி முத்திரை போட்டு, நிலப் பத்திரம் இருக்கிற இரும்புப் பெட்டியில வெச்சாச்சு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேரும் உறை மேல கையெழுத்துப் போட்டிருக்காங்க. நிர்வாகம் மாறினா கோயில் சாவிக்கொத்தோட இதையும் ஒப்படைக்கணும்னு கூட்டக் குறிப்புல எழுதியாச்சு. லேப்டாப்புல நுழைய எனக்கு ஒரு தனிப் பேரு இருக்கு. நாளைக்கு நான் இல்லைன்னா அதை நீக்கிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துக்கலாம்.

உங்க கோயில்லயும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கோயில் முகநூல் பக்கம் யாரோட பேர்ல இருக்கு? கும்பாபிஷேகப் படங்கள் யாரோட கூகல் கணக்குல இருக்கு? சிசிடிவி கேமரா யாரோட போன்ல ஓடுது? உபயப் பட்டியல் யாரோட லேப்டாப்புல இருக்கு? அந்த ஆள் தங்கமான ஆளா இருக்கலாம். ராத்திரி பகலா உழைச்சவரா இருக்கலாம். இருந்தாலும் அதெல்லாம் இன்னும் சோதனைப் பதிப்புலதான் ஓடுதுன்னு அர்த்தம். மூலையில நாள் எண்ணிக்கை தெரியலை, அதுதான் வித்தியாசம். எங்களுக்காவது 90 நாள்னு எழுதிக் காட்டிச்சு.

இப்போதைக்கு மிச்சம் இருக்கிற வேலை, அந்தத் திருப்பணிப் பட்டியலை ஒருங்குறிக்கு மாத்தறது. எழுத்துரு மாற்றிகள் இணையத்துல இலவசமா இருக்கு, ஆனா மாத்தின பிறகு ஒவ்வொரு பேரையும் மூலத்தோட ஒப்பிட்டுப் படிக்கணும். கிராணி ஐயா தானே வந்து படிக்கிறேன்னு சொல்லிட்டார். பக்கத்துல உட்கார்ந்து திருத்தறதுக்கு தமிழ் அடிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர் வேணும். ஞாயிறு காலை 10 மணிக்கு, பூஜை முடிஞ்சதும். வர்றவங்க கமெண்ட்ல பேரு போடுங்க. சாப்பாடு கோயில்ல.